வேடந்தாங்கல் காடு அல்ல: பண்பாட்டு நிலவெளி என்றால் என்ன?

வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் கூழைக்கடாவைப் பார்ப்பார்கள், நத்தைகுத்தி நாரையைப் பார்ப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தாங்கள் நின்ற கரையை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. அது இயற்கையாக உண்டான மேடு அல்ல, ஆட்கள் மண் சுமந்து போட்ட ஏரிக்கரை. பலகையில் 'பறவைகள் சரணாலயம்' என்று எழுதியிருந்தாலும் அந்த இடம் அடிப்படையில் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பாசன ஏரி. மதகைத் திறந்தால் தண்ணீர் நேராக நெல்வயலுக்குப் போகும்.

பறவைகள் இங்கே வரக் காரணமே இந்த ஏற்பாடுதான். தண்ணீருக்குள் நிற்கும் மரத்தில் கூடு கட்டினால் நரியும் பூனையும் எட்டாது. சுற்றிலும் ஏரிகளும் நன்செய் வயல்களும் இருப்பதால் குஞ்சுக்கு மீன், தவளை, நத்தைக்குப் பஞ்சமில்லை. மரங்களில் ஆயிரக்கணக்கில் அடையும் பறவைகளின் எச்சம் நாள் முழுக்கத் தண்ணீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. எரு வாங்கும் செலவில் ஒரு பங்கு மிச்சம் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குப் பல தலைமுறையாகத் தெரிந்த கணக்கு. அதனால்தான் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமை எழுதி வாங்கினார்கள். கலெக்டரின் பெயர் லயோனல் பிளேஸ். ஆண்டு 1798 என்று சொல்லப்படுகிறது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்.

இதில் பறவைப் பாசம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாசத்துக்குக் கீழே ஒரு கொடுக்கல் வாங்கலும் இருந்தது, அதனால் பாசம் நீடித்தது என்கிறேன்.

இப்படி மனிதர்களின் வேலையும் இயற்கையின் போக்கும் சேர்ந்து, நீண்ட காலத்தில் ஒன்றையொன்று வடிவமைத்த இடத்தைப் பண்பாட்டு நிலவெளி என்கிறார்கள். யுனெஸ்கோ 1992-ல் உலக மரபுப் பட்டியலில் இதைத் தனி வகையாகச் சேர்த்தது. அதற்கு முன் மரபுச் சின்னம் என்றால் ஒன்று கோயில், கோட்டை மாதிரி மனிதர் கட்டியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் காடு, மலை மாதிரி இயற்கையானதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தவற்றை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் இருந்தார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு இஃபுகாவோ மக்களின் மலைப்படி நெல்வயல்கள் 1995-ல் இந்த வகையில் இடம்பெற்றன. பாலித் தீவின் சுபக் பாசன முறை 2012-ல் இடம்பெற்றது. திட்டமிட்டு அமைத்த தோட்டங்கள், நம்பிக்கையால் புனிதமான மலைகள் என்று வேறு உட்பிரிவுகளும் உண்டு. இந்தக் கட்டுரையில் நமக்குத் தேவையானது ஒரே ஒரு பிரிவு: மக்கள் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருப்பதால் உயிரோடு இருக்கும் நிலம். அதற்கு நம் ஏரியை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருக்கின்றன. வடக்கே ஏரி என்பார்கள், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், திருநெல்வேலியில் குளம். மழையின் போக்குதான் இவ்வளவு ஏரிகளுக்குக் காரணம். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதுவும் சீராகப் பெய்யாது, ஒரு புயலில் பாதி மழை வந்துவிடும். பிடித்து வைத்தால்தான் தை மாதம் நெல் அறுக்கலாம்.

சரி, எப்படிப் பிடிப்பது? சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வளைவாக ஒரு மண்கரை போடுவார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும், அது நீர் வரும் பக்கம். காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் பெய்த மழையை வரத்துக்கால் கொண்டுவந்து சேர்க்கும். கரையில் இருக்கும் மதகு தண்ணீரை ஆயக்கட்டு வயல்களுக்கு, அதாவது அந்த ஏரியை நம்பிப் பாசனம் பெறும் வயல்களுக்கு விடும். ஏரி நிரம்பினால் மிச்சத்தை வெளியேற்ற ஓரத்தில் கலிங்கு இருக்கும். கலிங்கிலிருந்து வழியும் தண்ணீர் வீணாவதில்லை, அது அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக, சங்கிலித் தொடராகப் பல ஏரிகள் போய்க் கடைசியில் ஆற்றிலோ கடலிலோ முடியும்.

கலிங்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். பெருமழைக் காலத்தில் கற்களுக்கு நடுவே இடைவெளியைத் திறந்தே விட்டுவிடுவார்கள், வெள்ளம் தடையில்லாமல் போகட்டும் என்று. புயல் பயம் தீர்ந்த பிறகு அந்த இடைவெளிகளில் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைப்பார்கள். அதில் கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். எப்போது அடைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்னதாக அடைத்தால் கரை உடையலாம், தாமதித்தால் தண்ணீர் போய்விடும். அதிகம் அடைத்தால் மேல்பக்கத்து வயல் மூழ்கும், கீழ் ஊருக்கு வரத்து குறையும். ஆக, ஒரு கைப்பிடி களிமண்ணுக்குப் பின்னால் இரண்டு மூன்று ஊர்களின் சம்மதம் இருந்தது. சண்டையும் இருந்தது, கலிங்குத் தகராறில் நீதிமன்றம் வரை போன ஊர்கள் நிறைய.

இப்போது கோடைக்கு வருவோம். ஏரி வற்றியதும் அதன் வேலை முடிந்துவிட்டது என்று நகரத்துக்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஏரியைப் பழுது பார்ப்பது அப்போதுதான் நடக்கும், அதுவும் பழுது பார்ப்பதாக யாரும் நினைக்காமலே. மழைநீரோடு வந்து படிந்த வண்டலை, தெற்கே கரம்பை என்பார்கள், விவசாயிகள் வண்டியில் அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் நிலத்தில் கொட்டுவார்கள். மணற்பாங்கான நிலத்தில் கரம்பை சேர்ந்தால் ஈரம் தங்கும், சத்தும் சேரும். நிலத்துக்கு எரு கிடைத்தது, ஏரிக்கு ஆழம் திரும்பக் கிடைத்தது. தூர் வாரும் செலவு என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டும். அங்கே பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலுக்குத் தனி மதிப்பு உண்டு.

குயவர்களும் அதே ஏரியில்தான் களிமண் எடுத்தார்கள். பானை, சட்டி, ஓடு எல்லாம் போக, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அந்த மண்ணில் ஐயனாருக்குக் குதிரை செய்வார்கள். வேளார் குடும்பங்கள் செய்து சுட்ட மண்குதிரைகளை ஊரே தோளில் சுமந்து ஐயனார் கோயிலுக்கு எடுத்துப் போகும் விழாவுக்குப் புரவியெடுப்பு என்று பெயர். அந்தக் கோயில் பெரும்பாலும் கண்மாய்க் கரையிலோ, ஊர் எல்லைக் காட்டிலோ இருக்கும். கோயில்காட்டில் மரம் வெட்டக்கூடாது, சுள்ளி பொறுக்குவதற்குக்கூடச் சில ஊர்களில் தடை. இரவில் ஐயனார் குதிரையேறி ஏரியைக் காவல் காக்கிறார் என்பது நம்பிக்கை. கண்மாய் மண்ணே குதிரையாகிக் கண்மாய்க் கரைக்குத் திரும்புகிறது. சாமி வேறு, பாசனம் வேறு, சூழலியல் வேறு என்று பிரித்துப் பார்ப்பதற்கு இங்கே இடமே இல்லை.

வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். அடிக்கடி உடைந்துகொண்டிருந்த அந்தப் பெரிய ஏரியின் கரையை ஒரு மழை இரவில் பார்க்கப் போன கலெக்டர், வில்லேந்திய இரண்டு பேர் கரையில் காவல் நிற்பதைக் கண்டார் என்பது தல வரலாறு. அந்தக் கலெக்டர் வேறு யாருமில்லை, வேடந்தாங்கல் பறவைகளுக்குப் பாதுகாப்பு தந்த அதே லயோனல் பிளேஸ். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கரை உடைந்தால் என்ன ஆகும் என்ற பயம் எவ்வளவு பெரியதாக இருந்திருந்தால் ராமரையே காவலுக்கு நிறுத்தியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்புறம் மீன். பங்குனி, சித்திரையில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்ததும் தென்மாவட்டங்களில் மீன்பிடித் திருவிழா. விடியற்காலையிலேயே அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கரையில் கூடிவிடுவார்கள். கையில் கச்சா, ஊத்தா, வலை, ஒன்றும் இல்லாதவர்களிடம் பழைய சேலை. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார், அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சேற்றில் இறங்கும். அடிப்பக்கம் அகன்று வாய் குறுகிய ஊத்தாக்கூடையை மீன் இருக்கும் இடத்தில் சட்டென்று கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி விராலையோ கெளுத்தியையோ எடுப்பார்கள். கெளுத்தி முள் குத்தினால் அன்று முழுக்க வலிக்கும், அதற்காக யாரும் கரையேறுவதில்லை. பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டுக் குழம்புக்குத்தான் என்பது பல ஊர்களில் வழக்கம். இத்தனை கால்கள் சேற்றை மிதித்துக் கலக்கிய பிறகு அந்த வண்டலை அள்ளுவதும் சுலபம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பழைய காலம் பொற்காலம் என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏரியைப் பராமரித்ததில் நல்ல நிர்வாகம் இருந்தது, அதில் சந்தேகமில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்று தனிக் குழுவையும், அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளையும் சொல்கின்றன. ஆனால் அந்த வாரியத்தில் உட்கார நிலமும் கல்வியும் உள்ளவராக இருக்க வேண்டும். மதகு திறந்து, வாய்க்கால் வாய்க்காலாக நடந்து தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டிகளும் மடையர்களும் பல ஊர்களில் தலித் மக்கள். அவர்கள் பங்கிட்ட தண்ணீர் பாய்ந்த நிலம் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல. ஊரே கூடிக் கரையைச் சீர்செய்யும் குடிமராமத்தைப் பற்றி இன்று இனிமையாகப் பேசுகிறோம். 1858-ல் ஆங்கிலேய அரசு அதற்கு வராதவர்களைத் தண்டிக்கச் சட்டமே போட்டது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் சரியாக இருக்கும். இயற்கையோடு ஒத்து வாழ்ந்த ஊர் என்பதால் அங்கே மனிதர்கள் தங்களுக்குள் ஒத்து வாழ்ந்தார்கள் என்று ஆகிவிடாது.

அடுத்த கேள்வி இயல்பாகவே வரும்: அப்படியானால் மனிதர்களை விலக்கிவிட்டால் இயற்கை இன்னும் நன்றாக இருக்காதா? சில இடங்களில் இருக்கும், மழைக்காடுகளின் உள்பகுதி மாதிரி. ஆனால் மனிதர் கைபட்டே உருவான இடத்தில் கையை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூரில் ஒரு கசப்பான பாடம் கிடைத்தது. கேவலாதேவ் தேசியப் பூங்கா இயற்கையான சதுப்புநிலம் அல்ல. அணையும் வாய்க்காலும் கட்டித் தண்ணீர் தேக்கி, மன்னர்கள் வாத்து சுடுவதற்கென்று உருவாக்கிய இடம். சுற்றுவட்டார மக்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அதில் மேய்ந்தன. 1982-ல் மேய்ச்சலை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். எதிர்த்துப் போராடிய கிராமத்தாரில் சிலர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அதன் பிறகு பறவைகள் பெருகியிருக்க வேண்டும் அல்லவா? எருமைகள் தின்று கட்டுப்படுத்தி வைத்திருந்த நீர்ப்புல் மண்டி வளர்ந்து, திறந்த நீர்ப்பரப்பை மூடியது, பல நீர்ப்பறவைகளுக்கு இரை தேட இடமில்லாமல் போனது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் ஆய்வு செய்து, அங்கே எருமையும் அந்தச் சூழலின் ஒரு பகுதி என்ற முடிவுக்கு வந்தது. இறந்தவர்களுக்கு அந்த ஆய்வறிக்கையால் என்ன பயன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நம் ஊர் ஏரிகள் கெட்டதற்கு யாரும் தடை போட வேண்டியிருக்கவில்லை. ஆழ்துளைக் கிணறு வந்தது, பம்புசெட் வந்தது, விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தது. சொந்தக் கிணறு உள்ளவருக்கு மதகு எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஊரில் அவர்தான் பெரும்பாலும் வசதியானவர், அவர் சொன்னால்தான் நாலு பேர் வேலைக்கு வருவார்கள். அவர் ஒதுங்கியதும் வரத்துக்கால் தூர்வாரும் வேலை நின்றது. மூட்டையில் யூரியா கிடைத்ததும் கரம்பை அள்ளுவதும் குறைந்தது. அள்ளாத ஏரி மேடானது. மேடான இடத்தில் சீமைக்கருவேலம் முளைத்தது. வரத்துக்கால் மேல் வீடும் ரோடும் வந்தன. 1960-களில் தமிழ்நாட்டின் பாசன நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏரிப் பாசனம், இன்று அதன் பங்கு வெகுவாகச் சுருங்கிவிட்டது. கடைசியில் பார்த்தால் அந்தக் கிணறுகளுக்கு ஊற்று கொடுத்ததே ஏரியில் நின்ற தண்ணீர்தான். ஏரி வறண்டதும் கிணறு ஆழம் போனது, நூறு அடியில் கிடைத்த தண்ணீருக்கு முந்நூறு, ஐந்நூறு அடி என்று போட வேண்டியதாயிற்று. இஃபுகாவோவிலும் இதே போலத்தான்: இளைஞர்கள் வேலை தேடி ஊரை விட்டுப் போக, பார்க்க ஆளில்லாமல் வயற்படிகள் சரியத் தொடங்கின. 2001-ல் யுனெஸ்கோ அதை அபாயப் பட்டியலில் வைத்தது, பழுதுபார்ப்பு வேலைகள் நடந்த பிறகு 2012-ல்தான் எடுத்தது.

இலங்கையின் உலர்வலயத்தில் இந்த ஏரித் தொடரை இன்னும் நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள். எல்லங்காவ என்று சிங்களத்தில் அழைக்கப்படும் அந்தக் குளத்தொடரை 2017-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அறிவித்தது. அங்கே குளத்தின் மேல்பக்கம் ஒரு மர வரிசை. அது காற்றைத் தடுத்து, தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். அதையொட்டி ஒரு புல்வெளி, வரும் தண்ணீரின் வண்டலை வடிகட்ட. கரைக்குக் கீழே, வயலுக்கு முன்னால், இன்னொரு மர அடர்த்தி. கசிவு நீரில் வரும் உப்பு வயலுக்குப் போகாமல் அது இழுத்துக்கொள்ளும். காட்டுக்குள் சிறுகுளம் ஒன்று, விலங்குகள் அங்கேயே தண்ணீர் குடித்துவிட்டுப் போகட்டும் என்று. எனக்கு மிகவும் பிடித்தது குருளு பாலுவ. நெல்வயலின் ஒரு துண்டை அறுக்காமல் பறவைகளுக்கென்று விட்டுவிடுவது அது. நம் வேடந்தாங்கல்காரர்கள் எரு வாங்கிக்கொண்டார்கள், இவர்கள் முன்கூட்டியே கூலி கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு ஒரு திட்டம் தொடங்கியது. விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுக்கவும் அனுமதி வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் பொக்லைன் இயந்திரத்தை இறக்கி, நடுவில் குழி தோண்டி, கரையில் கொட்டிச் சரிசெய்துவிட்டால் ஏரி சீராகிவிட்டது என்று நினைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, நிலத்தடி நீருக்கு வேண்டுமானால் உதவும். நாட்டுக் கருவேல மரங்களைச் சீமைக்கருவேலத்தோடு சேர்த்து வேரோடு பிடுங்கினால் பறவைக்குக் கூடு கட்ட மரம் இருக்காது. ஒவ்வொரு ஏரியிலும் எந்த இடத்து மண்ணை எடுக்க வேண்டும், எந்த மரத்தை விட வேண்டும் என்று ஊரில் நாலைந்து பேருக்காவது தெரியும். அவர்களைக் கேட்டுவிட்டு இயந்திரத்தை இறக்கினால் பாதிப் பிரச்சினை இல்லை.

சரணாலய நிர்வாகத்திலும் இதே கேள்விதான். வேடந்தாங்கல் பறவைகள் இரை தேடுவது அந்த 30 ஹெக்டேருக்குள் மட்டும் அல்ல, சுற்றியுள்ள ஏரிகளிலும் வயல்களிலும்தான். அதனால் ஏரியிலிருந்து சுற்றிலும் 5 கிலோமீட்டர் தூரம் வரை சரணாலய எல்லைக்குள் வருகிறது. 2020-ல் இதை 3 கிலோமீட்டராகக் குறைக்க ஒரு யோசனை வந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியதற்குக் காரணம் இதுதான். நெல் போய், ஏரிகள் மனையாகிப் போனால் நடுவில் இருக்கும் ஏரிக்கு எவ்வளவு வேலி போட்டாலும் நாரை வராது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்குப் பக்கத்துக் கொள்ளுகுடிபட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தச் சமயத்தில்தான் பறவைகள் வரத் தொடங்கும். ஊரார் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. வனத்துறை அதற்கு நன்றியாக அந்த ஊர்க்காரர்களுக்கு இனிப்பு கொடுப்பதும் வழக்கம்.

நேரில் பார்க்க விரும்பினால் மூன்று பருவத்தில் போங்கள். மார்கழி, தையில் போனால் பறவை, அதுவும் அதிகாலையிலோ, அவை கூடு திரும்பும் மாலையிலோ. அப்போது பறவையைப் பார்த்த கண்ணோடு கரையின் மறுபக்கம் திரும்பி மதகு எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்றும் பாருங்கள். பங்குனி, சித்திரையில் தெற்கே ஏதாவது கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும், முந்தின நாள்தான் தேதி தெரியவரும், அதனால் அங்கே தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி வைப்பது நல்லது. வைகாசியில் ஏரி காய்ந்து கிடக்கும்போது வரத்துக்கால் வழியாக மேல்நோக்கி நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அது அடைபட்டிருக்கிறது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.